அதே நாற்பத்திரண்டு

ஆபரேஷனுக்குப் பிறகு பிலோமி முதன்முதலாக பைக்கில் ஏறியபோது முன்சீட்டில் அவள் கணவன் லாசர் இல்லை. அவன் எடைக்கு ஈடாக மூன்று அரிசிச் சிப்பங்களைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். அவள் பின்னால் உட்கார்ந்து ஒரு கையால் சிப்பங்களை அணைத்துக்கொண்டு, மறு கையைச் சுவரில் ஊன்றியிருந்தாள். லாசர் தரையில் முட்டி போட்டு, பின்சக்கரத்து நட்டிலிருந்து சீட்டின் விளிம்புவரை டேப் பிடித்தான். ஆள் ஏறினால் வண்டி எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று ஒவ்வொரு வருடமும் மழைக்காலத்துக்கு முன்னால் அளந்துவிடுவான். கனம் கூடியிருந்தால் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும், குறைந்திருந்தால் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தில் உடம்பைத் தூக்கிப் போடும். போன வருட அளவு சுவரில் பென்சிலால் எழுதியிருந்தது: 42.

"நீங்க இதவிட மெத்துன்னு இருப்பீங்க," என்று சிப்பத்தைத் தட்டினாள் பிலோமி.

அவன் சிரிக்கவில்லை. டேப்பை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான்.

"எவ்வளவு?"

"அதே நாப்பத்திரண்டுதான். நீ அப்படியேதான் இருக்க."

அவளைக் கைத்தாங்கலாக இறக்கி நாற்காலியில் உட்காரவைத்தான். பிறகு ஸ்பானரை எடுத்து, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஸ்பிரிங்கைத் தளர்த்தினான். ஸ்பிரிங் ஒரு படி இறங்கி டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

அவள் இரண்டையும் எண்ணிக்கொண்டாள்.

"கிறிஸ்துமஸுக்குள்ள ரெண்டையும் திருப்பி இறுக்க வைக்கிறேன், பாருங்க," என்றாள்.