பாதி சாட்சி

எபிநேசருக்குப் பொறுமை போய்விட்டது. ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்பவர்கள் என்ன பேசப் போகிறார்கள் என்று முதல் நாளே கேட்டு எழுதி வைப்பது திருவொற்றியூர் சபையில் அவர் பொறுப்பு. லீதியாளின் சாட்சியை மட்டும் மூன்றாவது முறையாக எழுதிக்கொண்டிருந்தார்.

“மறுபடி சொல்லும்மா.”

“என் வூட்டுக்காரரு எட்டு வருசமா குடிச்சிகினு இருந்தாரு. நான் உபவாசம் இருந்து ஜெபிச்சேன். போன ஈஸ்டருக்கு வுட்டுட்டாரு.”

“ஸ்தோத்திரம். அத்தோட நிறுத்து.”

“ரெண்டு மாசமா மறுபடி ஒளிஞ்சு குடிக்கிறாரு.”

அதையும் எழுதி முடித்த எபிநேசர் பேனாவை மேசைமேல் போட்டார். “இதத்தான் வேணான்றேன். சாட்சின்னா முடிவு நல்லா இருக்கணும். கேக்கறவங்களுக்கு நம்பிக்கை வர வேணாவா? இன்னா, டிவி சீரியலா இது, அழுதுகினே போறதுக்கு?”

“ஆண்டவரு முன்னாடி நின்னு பாதி கதை சொன்னா, அது பொய்தானே?”

“பொய் இல்லம்மா. கொஞ்சம் முன்னாடியே முடிக்கிற, அவ்ளோதான். ஒரு மனுசன் மானம் போவுதேன்னு உனக்குக் கவலையே இல்லியா?”

லீதியாள் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

“சரி. நீங்க சொன்ன இடத்துலயே முடிக்கிறேன்.”

எபிநேசர் நிம்மதியாகக் கடைசி வரியை அடிக்கப் பேனாவை எடுத்தார்.

“ஆனா ஒண்ணு,” என்றாள் லீதியாள். “இன்னிக்கு வேலை முடிஞ்சு நம்ம வூட்டுக்கு வந்ததும் என் மூஞ்சிக்கு நேரா வாயை ஊதிக் காட்டுங்க. அதுவரைக்கும் அந்தக் கடைசி வரிய அடிக்காதீங்க.”