நல்ல காலுக்குக் கட்டு

“நல்ல காலுக்கு எவளாச்சும் கட்டுப் போடுவாளா?”

மாப்பிள்ளையின் அத்தை காத்தாயி இப்படிக் கேட்டதும் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். பெண் சொர்ணவல்லி அப்போதுதான் வலது காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, சபையைக் கும்பிட்டுத் தலைகுனிந்து நின்றிருந்தாள். கணுக்காலில் கனமாக ஒரு வெள்ளைக் கட்டு.

“அய்யோ, அக்கா காலுக்கு ஒண்ணுமில்லைங்க!” என்று கதவிடுக்கிலிருந்து கத்தியே விட்டாள் தங்கை செவந்தி. “பூப்பந்து ஆடுறப்பக் கால் பிசகிறாம இருக்க, முன்கூட்டியே போடுற கட்டுங்க. பள்ளிக்கூடத்துல சொல்லித் தாராங்க. நான்தான் பழகிப் பாக்குறதுக்காக அக்கா கால்ல போட்டேன்.”

“வராத சுளுக்குக்கு வைத்தியமா? நல்லாத்தான் கதை விடுறீங்க!”

காத்தாயி எழுந்தாள். மாப்பிள்ளை நாகராசுவும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார். வந்த வில்வண்டி ஆலங்குடிக்கே திரும்பிவிட்டது.

சொர்ணவல்லி உள்ளே போய், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. அக்கா அழுகிறாள் என்று செவந்தி கதவோரத்திலேயே நின்றுவிட்டாள்.

நாகராசுவுக்கு நாற்பது தாண்டிவிட்டதுதான். மூத்த தாரம் போய் வருஷம் திரும்பவில்லை, பிள்ளைகள் வேறு இரண்டு. ஆனால் மூன்று கிணறும் மச்சுவீடும் யாருக்கு வாய்க்கும்? இருபது முடிந்த பெண்ணுக்குக் கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்த அதிர்ஷ்டம் என்று அய்யா சிவசாமி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அதைத்தான் செவந்தி ஒரு முழத் துணியில் கெடுத்துவிட்டாள். காலையில் கட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனவள், சாயங்காலம் அவர்கள் வருவதற்குள் அக்கா அவிழ்த்துவிடுவாள் என்றுதான் நினைத்தாள். “எங்கிட்டு அவிழ்க்கிறது? பிளாஸ்திரி அப்பிக்கிட்டு வரவே மாட்டேங்குது” என்று சொர்ணவல்லி ஆத்தாவிடம் சொல்லியிருக்கிறாள்.

வண்டி போனபின் அழுதுகொண்டே செவந்தி அக்கா காலடியில் உட்கார்ந்தாள். ஒரே இழுப்பில் பிளாஸ்திரி வந்துவிட்டது. கட்டத் தெரிந்தவளுக்குத்தான் பிரிக்கவும் தெரியும், தான் வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்று அதற்கும் சேர்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நாலே நாளில் தண்ணீர்த் துறையில் ‘நொண்டிச் சொர்ணம்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். இனி எவன் வாசல்படி மிதிப்பான் என்று அய்யா பாதிச் சோற்றில் கை கழுவினார். செவந்திக்கு ஒரு வாய் இறங்கவில்லை. நம்மால்தானே, நம்மால்தானே என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது.

பள்ளிக்கூடத்தில் கட்டுப் போடும் பரீட்சையில் அவள்தான் முதல் மார்க். டிரில் டீச்சர் அமராவதி அவள் பேரைப் படித்ததும் செவந்தி ஓவென்று அழுதாள். விஷயத்தைக் கேட்ட டீச்சர், “அழாதடி. கட்டு நான் சொல்லிக் குடுத்தது, ஆலங்குடிக்குக் கடுதாசியும் நானே எழுதுறேன்” என்றாள்.

எழுதினாள். எதற்காக அந்தக் கட்டு, யார் போட்டது, பெண்ணின் காலில் குறையில்லை என்று விவரமாக எழுதி, பள்ளிக்கூட முத்திரையும் குத்திக் கொடுத்தாள். வீட்டில் மூச்சுக்கூட விடாமல் செவந்தியே கொண்டுபோய்த் தபாலில் போட்டாள்.

பத்தாம் நாள் பதில் வந்தது. அய்யா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“வார வெள்ளிக்கிழமை பரிசம் போட வாராங்களாம்! தப்பா நெனச்சுட்டோம்னு எழுதிருக்காக. ஏ புள்ள, வெத்தலை பாக்குக்குச் சொல்லணும்!” என்று ஆத்தாவைக் கூப்பிட்டார். அப்போதே ஆலங்குடிக்குச் சம்மதம் சொல்ல ஆளும் போயாயிற்று.

செவந்திக்குக் கால் தரையில் பாவவில்லை. கொல்லைக்கு ஓடினாள். சொர்ணவல்லி கம்பு குத்திக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஆலங்குடிக்காரங்க பரிசம் போட வாராங்க! டீச்சர்ட்ட அழுது நான்தான் கடுதாசி எழுத வச்சேன். என்னாலதானே ஒனக்கு இம்புட்டு அவமானம்? இனிமே நீ அழ வேணாம்க்கா.”

உலக்கை சொர்ணவல்லியின் கையிலிருந்து நழுவி விழுந்தது. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

“அந்தாளு வேணாம்னுதானேடி ஒங்கிட்டக் காலை நீட்டுனேன்.”