இல்லாதது வராது

கார்டு பேசியது.

பேசக்கூடாது.

கறுப்புத் திரையில் அதன் பெயர். பதிப்பு எண். கீழே ஆங்கிலத்தில், ரொம்ப மரியாதையாக ஒரு கேள்வி.

புதிய டிஸ்குகள் நான்கு உள்ளன. தயார் செய்யட்டுமா? உள்ளே இருப்பவை அழிந்துவிடும்.

புதிய டிஸ்காம்.

ஒன்றரை வருடமாக இந்தப் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருப்பவை.

ஷூ ராக்குக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சர்வரை அவள்தான் பழைய பாகங்களாக வாங்கிச் சேர்த்தாள். டிஸ்குகளைப் பிடித்திருக்கும் கார்டு வரும்போது தரகன் மாதிரி வந்தது. டிஸ்குகளை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, எல்லாவற்றுக்கும் தானே பதில் சொல்லும்.

அந்த ரகத்தைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அவள் அப்பா ரேஷன் கடையில்கூட இன்னொருத்தன் வாயால்தான் பேசினார்.

இரண்டு சனி ஞாயிறு உட்கார்ந்து கார்டின் ஃபர்ம்வேரை, அதை இயக்கும் உள் நிரலை, மாற்றினாள். சர்வர் ஆன் ஆகும்போது கேள்வி கேட்கிற பகுதியை அடியோடு அழித்தாள். அதற்குப் பிறகு கார்டு வாய் திறக்கவில்லை. டிஸ்குகள் நேராக, சர்வருக்குள் அவள் ஓட்டும் விர்ச்சுவல் மெஷினிடம் போய் நின்றன. நடுவில் எவனும் இல்லை.

இன்று காலை வரை.

"டிஸ்க் வரல," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"காலைல கரண்ட் போயிட்டு வந்துச்சுல்ல?" சமையலறையிலிருந்து கணவன் ரகுநந்தன். கல்லில் தோசை ஊற்றும் சத்தம். "அதுல ஃபர்ம்வேர் பழையபடி ஆயிருக்கும்மா."

"கரண்ட் போனா இருக்கறது போகும். இல்லாதது வராது."

தோசைத் திருப்பி கல்லில் இரண்டு முறை உரசியது.

"சரி, சண்டைக்கு வராத. அது கேக்கும். யெஸ் குடு. சரியாயிடும்."

அது கேட்கிறது என்று அவள் இன்னும் சொல்லவே இல்லை.

நாளை பதினோரு மணிக்கு விசாரணை. ஆபீஸில் டீம் லீட் மேல் அவள் கொடுத்த புகார். நாற்பத்தொரு வாய்ஸ் மெசேஜ், அத்தனையும் அவன் குரல். கம்பெனி கொடுத்த லேப்டாப்பையும் போனையும் புகார் கொடுத்த வாரமே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அந்த மெசேஜ்கள் மிச்சம் இருப்பது இந்த நாலு டிஸ்கில்தான்.

டீம் லீட், மாப்பிள்ளை அழைப்பில் ரகுநந்தனை ஒட்டிக் காரில் உட்கார்ந்து வந்தவன். காலேஜ் சிநேகம்.

ஒரு வாரமாக ரகுநந்தனுக்கு ஒரே பாட்டு. "நான் அவன்கிட்ட பேசிக்கறேன். நீ விடு."

அவள் பெட்டியின் மூடியைக் கழற்றினாள்.

ஆயுத பூஜை அன்றும் இப்படித்தான் திறந்து கிடந்தது. மாமியார் மிக்ஸியை முடித்து, ஸ்கூட்டரை முடித்து, கிண்ணத்தோடு இங்கே வந்து கார்டின் சூட்டைத் தணிக்கும் அலுமினியத்தில் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் வைத்துவிட்டார். அவள் கத்தினாள். "அதுவுந்தானேடி ராப்பகலா உழைக்குது," என்றார் மாமியார். ரகுநந்தன் விழுந்து விழுந்து சிரித்தான்.

சந்தனமும் குங்குமமும் அலுமினியத்தின் சீப்புப் பற்களுக்கிடையில் இறங்கிக் காய்ந்துவிட்டன. நகத்தால் சுரண்டினாள். ஊசியால் நோண்டினாள். போகவில்லை. தொலையட்டும் என்று விட்டுவிட்டாள்.

தன் சொந்த போனின் டார்ச்சை அடித்தாள்.

பற்கள் பளபளவென்று இருந்தன.

இன்னும் கிட்டே குனிந்து பார்த்தாள். மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை.

அதே மாதிரி கார்டு. அவளுடைய கார்டு இல்லை.

மாற்றி வைத்தது ரகுநந்தன். அவனே அழித்தால் அவன் அழித்தது. அவள் கையால் அழிந்தால், பாவம், அவளுக்கு விவரம் பத்தவில்லை. சர்வரை முதன்முதலில் மாட்டிய அன்றே அவன் அவன் அம்மாவிடம் சொன்னான்: "அவங்க வீட்ல இதெல்லாம் பழக்கமில்லம்மா. எதையாவது அழிச்சு வெக்கப் போறா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

கத்தலாம். சட்டையைப் பிடிக்கலாம். மூடியைத் தூக்கி அடிக்கலாம்.

மூடியைச் சத்தமில்லாமல் திரும்ப மாட்டினாள். பெட்டியின் முன்பக்கம் கையை விட்டாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஒவ்வொரு டிஸ்கும் சின்ன 'டக்'கோடு கழன்று வந்தது. குளிக்கிற துண்டில் சுற்றித் தோள்பைக்குள் வைத்தாள். துண்டைத் தாண்டிச் சூடு தெரிந்தது.

திரையில் கேள்வி அப்படியே நின்றது. கார்டுக்கு இன்னும் தெரியாது.

"ரகு, எனக்குக் கை நடுங்குது. நீயே வந்து குடேன்."

தோசைத் திருப்பியோடு வந்தான். பெட்டியைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தான்.

"படிச்சியா என்ன போட்டிருக்குன்னு?"

"படிச்சேன், படிச்சேன். சும்மா அப்படித்தான் போடுவான்."

"ஒண்ணும் ஆகாதுல்ல?"

"நான் இருக்கேன்ல."

ஒரே விரல். தயங்கவே இல்லை.

உள்ளே தோசை கருகியது.

திரை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஒரே ஒரு வரி.

டிஸ்க் எதுவும் இல்லை.

அவன் இன்னொரு முறை அழுத்தினான். குனிந்து பெட்டியைப் பார்த்தான். நாலு ஓட்டை.

மெதுவாகத் திரும்பினான்.

ஹாலுக்கு நடுவில், தோளில் பையோடு, காலில் செருப்போடு அவள் நின்றுகொண்டிருந்தாள்.