தொந்திக்கு இங்கே இடமில்லை

"இந்த வாரத்துக்குள்ள தொந்தியைக் கூட்டிட்டுப் போயிடுங்க டீச்சர்" என்றார் லாயக்காரர், முகத்தைப் பார்க்காமல்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. தொந்தி அவளுடைய குதிரை. குட்டியிலிருந்தே இந்த லாயத்தில்தான் விட்டுவைத்திருக்கிறாள். நன்றாக இருந்தவரை "நம்ம பிள்ளை" என்று கொஞ்சியவர், உடம்பு பெருத்துக் குளம்பில் வீக்கம் என்றதும் கைகழுவப் பார்க்கிறார்.

"டாக்டர் அப்படி என்னண்ணே பெரிசா கேட்டுட்டார்? காய்ஞ்ச புல்லைத் தண்ணியில ஊறவெச்சு, அதுல இருக்கிற சர்க்கரை இறங்கினப்புறம் போடணும். வேற எதுவும் வாயில படக் கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். அது இங்க முடியல."

"புல்லை ஊறவைக்கிறதே இல்லையா?"

"நானே என் கையால ஊறவைக்கிறேன்."

"அப்புறம் ஏன் இளைக்கவே இல்ல? இன்னொரு தடவை வீங்கினா எழுந்து நிற்க மாட்டான், ஊசி போட்டு அனுப்பி வைக்கிறதுதான் வழின்னு டாக்டர் சொல்லிட்டார்."

லாயக்காரர் துடைப்பத்தை எடுத்து, ஏற்கெனவே கூட்டியிருந்த இடத்தையே கூட்டினார்.

அந்தக் கோபத்திலும் டீச்சரை ஒரு யோசனை அரித்தது. அரைப்பட்டினி கிடக்கிற குதிரை எப்படி உருண்டு திரண்டு இருக்கும்? வகுப்பில் பென்சில் திருடனைத் தேடுகிற கண்ணோடு கொட்டிலைச் சுற்றி வந்தாள்.

"பக்கத்துக் குதிரையோட தீனியை எட்டித் தின்னுடறானோ?"

"நடுவுல பலகை அடிச்சாச்சு."

"வேலைக்காரங்க?"

"கிட்டவே போகக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"லாடம் அடிக்க வர்றவர் எப்பவும் கேரட்டும் கையுமாத்தானே திரிவார்?"

"வாசல்லயே பிடுங்கி வெச்சிட்டுத்தான் உள்ள விடுவேன்."

"தீனி அறைச் சாவி?"

"என் இடுப்பை விட்டு இறங்காது."

"அப்போ காத்தைக் குடிச்சே கொழுத்துட்டானா? எனக்கு ஒண்ணுமே புரியலண்ணே."

லாயக்காரர் துடைப்பத்தைச் சாத்திவிட்டுக் கொட்டில் கதவைத் திறந்தார்.

தொந்தி நொண்டி நொண்டி வந்தான். தன்னிடம்தான் வருகிறான் என்று டீச்சர் கையை நீட்டினாள். அவன் அவளைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய், லாயக்காரரின் சட்டைப் பைக்குள் மூக்கை நுழைத்தான். பழகிய மூக்கு. கொஞ்சமும் தடுமாறவில்லை. உள்ளேயிருந்து கேரட் துண்டு ஒன்று கீழே விழுந்தது.

லாயக்காரர் சட்டென்று குனிந்து, தொந்திக்கு முன்பாக அதை எடுத்துக்கொண்டார்.

"பசியில சுவரை நக்குறான் டீச்சர். என் செருப்புச் சத்தம் கேட்டாலே கனைக்கிறான். ஊரையே தடுத்துட்டேன், என் கையைத் தடுக்க முடியல."

டீச்சர் நீட்டிய கையை இறக்கினாள்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு லாயம் இருக்கு. அங்கயே கொண்டு போய் விட்டுடுங்க" என்றார் அவர், தொந்தியின் நெற்றியைத் தடவியபடி. "அந்த ஆள் கல்நெஞ்சக்காரன். இவனை நல்லா பார்த்துக்குவான்."