மகன் வீட்டு ஹால்

“பக்கத்து வீட்டு போன்லேருந்து பேசறேன்டா. உன் பொண்டாட்டி துணி காயப்போட மாடிக்குப் போயிருக்கா. அவ இறங்கி வர்றதுக்குள்ள சொல்லிடறேன்.”

அம்மாவின் குரல் தழுதழுத்தது. வெளிநாட்டில் வேலைக்கு நடுவே போனை எடுத்த அவன் பதறினான்.

“என்னம்மா ஆச்சு?”

“கண்ணு மங்கலா இருந்தப்ப, நீ வீடியோவுல கூப்பிட்டா போனை என் கையில குடுத்துட்டு அவ வேலையைப் பார்க்கப் போயிடுவா. இப்ப ஆபரேஷன் பண்ணி, கட்டுப் பிரிச்சு மூணு வாரமாச்சு. எறும்பு ஊர்றதுகூடத் தெரியுதுடா எனக்கு. இப்பப் போய் போனைத் தரமாட்டேங்கறா. அவளே புடிச்சுக்கறா. அதுலயும் பாதியை விரலால மறைச்சுக்கறா. என் புள்ளை வீட்டை நான் முழுசாப் பார்க்கக் கூடாதா?”

அவனுக்கு ரத்தம் கொதித்தது. மாமியார், மருமகள் என்றால் ஆயிரம் இருக்கும்தான். அதற்காகப் பெற்றவள் கண்ணையா மறைப்பது?

சொல்லப்போனால், வீடு என்று ஒன்று இருந்தால்தானே முழுசாகப் பார்க்க!

அவனுக்கு நாற்காலி, மேஜை விற்கும் ஒரு பெரிய கடையில் வேலை. லாரியிலிருந்து சரக்கு இறக்க வேண்டும், பாகங்களைப் பூட்ட வேண்டும், தூக்கி வைக்க வேண்டும். வாங்க வருகிறவர்கள் மயங்கட்டும் என்று கடைக்குள்ளேயே தடுப்புகள் வைத்து ஹால், படுக்கையறை என்று அசல் வீடு மாதிரியே ஜோடித்திருந்தார்கள்.

வந்த முதல் வாரமே அம்மா பிடிவாதம் பிடித்தாள். “நீ தங்கியிருக்கற இடத்தைக் காட்டு. அப்பத்தான் எனக்குச் சோறு இறங்கும்.”

எதைக் காட்டுவது? தரைக்கடியில், ஜன்னலே இல்லாத அறை. எட்டுப் பேர். அடுக்குக் கட்டிலில் மேல்தட்டு அவனுக்கு. எழுந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். ‘ராஜா மாதிரி இருப்பேம்மா’ என்று சொல்லிவிட்டு விமானம் ஏறியவன் அவன்.

சாப்பாட்டு இடைவேளையில், கடை ஹாலின் சாம்பல் நிற சோபாவில் போய் உட்கார்ந்தான். சோபாவில் தொங்கிய விலைச்சீட்டை ஞாபகமாக மெத்தைக்கு அடியில் செருகினான். பின்னால் நல்ல திரைச்சீலை, ஆள் உயர விளக்கு. போனைத் தூக்கிப் பிடித்தான்.

அம்மா திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். “மகாராசனா இருடா!”

மனைவி உற்றுப் பார்த்தாள். “நல்லா இருக்குங்க” என்றாள். அவ்வளவுதான். தன்னை அழைத்துப் போகவில்லை என்ற வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். இரண்டு வருஷமாக அதே சோபா, அதே அரை மணி நேரம். இதில் ஒரு நிம்மதி, மனைவி ஒரு நாளும் ‘எங்களை எப்ப அங்க கூட்டிட்டுப் போவீங்க’ என்று கேட்டதில்லை. அது கொஞ்சம் வலிக்கவும் செய்தது. புருஷனோடு வாழ ஆசையே இல்லையா இவளுக்கு?

அன்று அம்மாவிடம் பேசி முடித்த கையோடு மனைவியைக் கூப்பிட்டான்.

“உனக்கு என்ன அப்படிப் பொறாமை? பெத்தவ, புள்ளை வீட்டைப் பார்க்க ஆசைப்படறா. அதையும் மறைக்கறியாமே!”

“இல்லைங்க, அது வந்து...”

“ஒண்ணும் பேசாதே. நாளைக்கு நான் கூப்பிடும்போது போன் அம்மா கையில இருக்கணும்.”

“சரிங்க.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கூட வேலை செய்யும் மீசைக்காரர் நின்றிருந்தார்.

“தம்பி, நாளைக்குக் காலையில உன் ஹாலைக் கலைக்கணுமாம். புதுச் சரக்கு வந்தாச்சு. கலைக்கறதும் நாமதான்.”

நாளைக்குத்தான் அம்மா ஆசை ஆசையாகப் பார்க்கப் போகிறாள். இனி எந்தச் சுவரைக் காட்டுவான்?

மறுநாள் மேஜையைத் தூக்கினான். கம்பளத்தைச் சுருட்டினான். திரைச்சீலையை இறக்கியபோது பின்னால் ஜன்னல் இல்லை, வெறும் தடுப்புப் பலகை. அது அவனுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் கண் கலங்கியது.

சோபாவும் விளக்கும் மட்டும் மிச்சம்.

“போய்ப் பேசிட்டு வா. அதுவரைக்கும் நான் தொடலை” என்றார் மீசைக்காரர்.

உட்கார்ந்தான். போனை முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டான்.

இன்றைக்கும் போன் மனைவி கையில்! பக்கத்தில் அம்மா எட்டி எட்டிப் பார்த்தாள்.

“நேத்து அவ்வளவு சொல்லியும் திமிரா உனக்கு? குடுடி அம்மாகிட்ட!”

அவள் அம்மா பக்கம் திரும்பினாள். “அத்தை, அடுப்புல பால் வெச்சிருந்தேன். கொஞ்சம் பார்க்கறீங்களா?” என்றாள். அம்மா முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள்.

அவன் முந்திக்கொண்டான். “இதைக் கேளு. நான் இந்த வீட்டைக் காலி பண்ணப் போறேன். வேற வீடு பார்த்திருக்கேன். அம்மாகிட்ட நீயே பக்குவமா...”

மேற்கொண்டு பொய் வரவில்லை.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“புது வீட்டுலயாவது பின்னாடி விளக்குல தொங்கற விலைச்சீட்டைக் கழட்டிட்டு உட்காருங்க. முதல் நாளே நான் பார்த்துட்டேன். இத்தனை நாள் பரவாயில்லை, அத்தைக்கு இப்ப நல்லாக் கண்ணு தெரியுதுங்க.”