விடாப்பிடிக்கு ஒரு சான்றிதழ்

வகுப்பில் இன்னும் ஒருத்திதான் பாக்கி.

'விடாப்பிடியாக வாழ்வது எப்படி' என்ற இலவச இணைய வகுப்பைப் பேராசிரியர் ஓர்வோ லிண்ட்ரூஸ் துர்க்கு நகரிலிருந்து தொடங்கியபோது, உலகெங்கிலுமிருந்து நாற்பதாயிரம் பேர் சேர்ந்தார்கள். உலகத்துக்கு விடாமுயற்சி கற்றுக்கொடுக்கும் தகுதி பின்லாந்துக்காரனுக்குத்தான் உண்டு என்று பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார்.

இரண்டாம் வாரமே உலகம் நழுவ ஆரம்பித்தது. லிமாவில் ஒரு நர்சுக்கு இரவு டியூட்டி. மலாவியில் ஒருவருக்குக் கரண்ட் இல்லை. மற்றவர்களுக்குக் காரணம் சொல்லிவிட்டுப் போகக்கூடப் பொறுமையில்லை.

எஞ்சியது ஹில்மா. வடக்கே ஏதோ கிராமம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கலைமான் படம்.

இன்று மாலை ஆறு மணிக்கு வகுப்பு முடிகிறது. ஒருவர்கூடத் தேறவில்லை என்றால் திங்கட்கிழமை பல்கலைக்கழகம் அதை ஒரேயடியாக மூடிவிடும்.

ஹில்மா கடைசிக் கட்டுரையை அனுப்பிவிட்டாள். ஆனால் அதைச் சக மாணவர் ஒருவர்தான் திருத்த வேண்டும், ஆசிரியர் தொடக்கூடாது. "வாத்தியாரையே ஒழித்துவிட்டோம்!" என்று ஓர்வோ அதற்கும் ஒரு பேட்டி கொடுத்திருந்தார்.

சக மாணவருக்கு எங்கே போவது? அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எய்னோ என்ற பெயரில் தன் வகுப்பில் தானே சேர்ந்தார்.

முதலில் உங்கள் கட்டுரையை அனுப்புங்கள் என்றது கணினி. நீங்கள் பாதியில் கைவிடாத ஒரு காரியத்தைப் பற்றி எழுதுக.

நல்ல கேள்வி. அவரே தயாரித்தது.

யோசித்தார். செல்லோ வாசிப்பு, ஒரு குளிர்காலம் தாங்கியது. ஸ்வீடிஷ் மொழி, வணக்கத்தோடு நின்றது. பின்லாந்து மன உறுதியின் வரலாறு, முன்னுரை மட்டும்.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதினார்.

"ஓர்வோ, சௌனா சூடாயிடுச்சு. வர்றியா, இல்ல உலகத்தை உருப்பட வச்சிட்டுத்தான் வருவியா?" நீராவிக் குளியலுக்கு அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள் மனைவி கைசு. சனிக்கிழமையானால் டேப்லெட்டும் குறுக்கெழுத்துமாக அங்கேதான் உட்கார்ந்திருப்பாள்.

"இதோ, முடிச்சிட்டேன்!"

"பார்றா, நீயா!"

கட்டுரையை அனுப்பினார். ஹில்மாவின் கட்டுரை திறந்தது. முப்பது வருடமாக ஒரே புருஷனைக் கைவிடாமல் வைத்திருக்கிறாளாம். எப்பேர்ப்பட்ட ஆளிடம் மாட்டிக்கொண்டாளோ, பாவம் என்று பத்துக்குப் பத்து போட்டார். சான்றிதழ் பறந்தது. ஒருத்தி தேறிவிட்டாள். வகுப்பு பிழைத்தது.

எழுந்திருக்கப் போனவரைக் கணினி ஒரு சின்ன மணியோசையோடு நிறுத்தியது. எய்னோவின் கட்டுரையை ஹில்மா திருத்திவிட்டாள்.

பத்துக்கு நான்கு. தேற ஐந்து வேண்டும்.

கீழே ஒரு குறிப்பு: 'நேர்மை பாராட்டத்தக்கது. ஆனால் படகுக் கொட்டகையின் கூரை விடுபட்டிருக்கிறது. இன்னும் ஒழுகுகிறது.'

தான் பாதியில் விட்ட அந்தக் கூரையைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

அடுக்களையில் டேப்லெட்டின் உறை மூடும் சத்தம் கேட்டது.