பழைய பெட்டிக்குப் புதுக் கார்ட்

மோர்னிங்சைட்டில் இருக்கும் என் கொம்பியூட்டர் கடை மேசையில் கௌசி அக்கா தன் கொம்பியூட்டரைத் தூக்கி வைத்தார். பெட்டி மஞ்சளித்து, ஓரத்தில் வெடித்திருந்தது.

“படம் இழுபடுது நிஸ்தார். நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் ஒண்டு போட்டுத் தாரும்.”

“மகனுக்கோ அக்கா?”

“கொம்பியூட்டருக்கு.”

மலிவான கார்ட் ஒன்றைக் காட்டினேன். அவர் அதைத் தள்ளிவிட்டு, கண்ணாடி அலுமாரியில் இருந்த ஆக விலைகூடியதைக் கேட்டார்.

“அந்தக் காசோட இன்னும் கொஞ்சம் போட்டா புதுக் கொம்பியூட்டரே வாங்கலாம் அக்கா.”

“புதுசு வேண்டாம்.”

“அப்ப பெட்டியையாவது மாத்தித் தாறன். காசு வேண்டாம்.”

“பெட்டியில கை வையாதையும்.”

தூசி துடைக்கத் துணி எடுத்தேன். அதையும் பறித்துக்கொண்டார்.

“ஏன் இவ்வளவு பிடிவாதம்? ராசியான பெட்டியோ?”

“என்ன ராசி? போன வருசம் புதுசு ஒண்டு வாங்கினன். மகன் தன்ர அறைக்குக் கொண்டுபோயிட்டான். புது ரீவி வாங்கினன். என்ர மனுசன் பேஸ்மென்ற்றில வைச்சுக் கிரிக்கெற் பாக்கிறார். உது பழசெண்டபடியால்தான் குசினியில அடுப்பு மூலையில எனக்கு மிஞ்சிக் கிடக்கு.”

கார்டைப் பெட்டிக்குள் பூட்டி, கடைத் திரையில் இணைத்துக் கொடுத்தேன். அக்கா கைப்பையிலிருந்து கார் ரேஸ் சீடியை எடுத்துப் போட்டார். சிவப்புக் கார் திரையில் சீறிப் பாய்ந்தது. ஒரு வளைவிலும் அவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

“திறமாயிருக்கு. இனி ஒரு துண்டுக் கடுதாசியில ‘பழுது’ எண்டு பெரிசா எழுதி முன்னுக்கு ஒட்டிவிடும்.”